தமிழ் ‘துமிழ்’ ஆன நாட்கள்

1990களின் கடைசியில் திருவல்லிக்கேணிச் சந்துகளில் டிடிபி வேலை பார்த்த எங்களுக்கு, ஆங்கில எழுத்துகளை வைத்தே தமிழ் படிக்கத் தெரியும். திரையில் ஜே, கே, பி, ஓ, அதையடுத்து ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாக நின்றால், அது பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’. முக்கால் என்னும் பின்னக் குறி, தலையில் சாய்கோடு போட்ட பெரிய ஏ, சென்ட் காசுக் குறி, மறுபடி சாய்கோடு போட்ட சின்ன யூ என்று வந்தால், அது திஸ்கியில் அடித்த அதே ‘தமிழ்’. கோப்பைத் திறந்து முதல் வரியைப் பார்த்ததுமே எந்த எழுத்துரு என்று சொல்லிவிடுவோம். பாமினி என்றால் பெரும்பாலும் ஈழத்து எழுத்தாளர். பாரிஸிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ வந்த கதையாக இருக்கும். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கதை இப்படி ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

அன்றைய எழுத்துருக்கள் வேலை செய்த விதம் அப்படி. தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே கணினிக்குத் தெரியாது. ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் ஒதுக்கிய 256 இடங்களில் இருந்த எழுத்துகளின் படத்தை எடுத்துவிட்டு, அங்கே தமிழ் எழுத்துகளின் படத்தை வைத்தார்கள். பாமினியில் எஃப் விசையைத் தட்டினால் திரையில் ‘க’ வரும். கணினியின் நினைவில் இருப்பது எஃப்தான். எழுத்துருவை மாற்றியதும் ‘க’ போய் எஃப் வந்து நிற்கும்.

இதனால் வந்த தொல்லைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றும் வசதி அப்போதைய சொற்செயலிகளில் இருந்தது. ஆங்கிலத்துக்கு நல்லதுதான். பாமினியில் சின்ன ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் ‘தமிழ்’ என்று தொடங்கினால், அடித்துக்கொண்டிருக்கும்போதே அது ‘துமிழ்’ ஆகிவிடும். சின்ன எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’ என்பதால் ‘கடல்’ ‘குடல்’ ஆகும். ‘மடி’ ‘முடி’ ஆகும். ‘பலம்’ ‘புலம்’ ஆகும். துமிழ் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும். புலம் படாது. அதுவும் ஒரு நல்ல தமிழ்ச் சொல். ஆசிரியர் அப்படித்தான் எழுதியிருப்பார் என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கால நூல்களில் வாக்கியத் தொடக்கத்தில் பொருந்தாத ஒரு சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும். புதிதாக ஒரு கணினி வந்தால் நாங்கள் முதல் வேலையாக அந்த வசதியைத் தேடிப்பிடித்து அணைப்போம்.

எழுத்துருக்களை உருவாக்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. யாரும் கேட்காமலேயே, யாரும் கூலி கொடுக்காமலேயே செய்தவர்கள் அவர்களில் பலர். கனடாவிலிருந்து சீனிவாசன் 1980களிலேயே ‘ஆதமி’யைச் செய்தார். சுவிட்சர்லாந்தில் அறிவியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ தந்தார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றுவதற்காகவே உழைத்தார். 1997இல் அங்கே நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அவருடைய உழைப்பு பெரிய காரணம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டில் எந்த இடத்தில் எந்த எழுத்து என்று வகுக்கும் குறியேற்றங்களாக டாம், டாப் என்ற இரண்டையும், தமிழ்99 என்னும் விசைப்பலகையையும் தரப்படுத்தினார்கள். விசைப்பலகை இன்றும் நிலைத்து நிற்கிறது. அதிலேயே அடிக்கிறேன், அதைவிட எளிதாகத் தமிழ் அடிக்கும் வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

குறியேற்றம் மட்டும் ஒன்றாகவில்லை. அப்போது பெரிய பத்திரிகைகள் எல்லாம் சேர்ந்து ஒரே வழிக்கு வந்திருந்தால், இன்றைக்கு நூலகங்களும் ஆய்வாளர்களும் பட்டுக்கொண்டிருக்கும் பாட்டில் பாதி இருந்திருக்காது. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்துக்கொண்டது. நான்கு பத்திரிகைகளை இணையத்தில் படிக்க நான்கு எழுத்துருக்களை இறக்கிக் கண்ட்ரோல் பேனலில் போட வேண்டும். ஒன்றின் செய்தியை இன்னொன்றில் ஒட்ட முடியாது. தேடவும் முடியாது. அன்றைய தமிழ்ப் பக்கத்தில் ‘காவிரி’ என்று தேடுவதென்றால், அந்தப் பத்திரிகையின் எழுத்துருவில் காவிரி எந்த ஆங்கில எழுத்துகளாக இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய தமிழ் மென்பொருள்களில் வேறொரு சங்கடம். கணினிக்குப் பின்னால், பிரின்டர் ஒயரைச் செருகும் அகலமான துளையில், விரல் நீளத்துக்கு ஒரு பூட்டுக்கருவியை மாட்ட வேண்டும். டாங்கிள் என்போம். அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். எங்கள் கடையில் ஒரு மாத இதழையும், ஓர் எழுத்தாளரின் முழுத் தொகுப்பையும் அப்படிப்பட்ட ஒன்றில்தான் செய்தோம். விற்ற நிறுவனம் கொஞ்ச காலத்தில் மூடிவிட்டது. பிறகு அந்தத் துளையே இல்லாத கணினிகள் வந்தன. டாங்கிள் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதைச் செருக இடமில்லை.

யூனிகோடு இவை எல்லாவற்றுக்கும் விடை. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களைக் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. க என்றால் உலகத்தின் எந்தக் கணினியிலும் க. எஃப்பின் மேல் ஏறி உட்கார வேண்டியதில்லை. இந்திய அரசின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி வடமொழி எழுத்துவரிசையின்படி இடங்களைப் பிரித்தார்கள், தமிழுக்குத் தேவைப்படாத இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன, உயிர்மெய்க்குத் தனி இடம் தரவில்லை என்று இங்கே பலருக்கு மனக்குறை உண்டு. அதில் நியாயமும் உண்டு. உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடம் தரும் டேஸ்16 என்ற குறியேற்றமும் அதனால்தான் வந்தது. கோவைச் செம்மொழி மாநாடு நடந்த 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அதையும் தரமாக ஏற்றது. ஆனாலும் உலகம் ஏற்றுக்கொண்டது யூனிகோடைத்தான். நாம் அதில் ஏறிக்கொண்டது சரியான முடிவு.

ஏறுவது உடனே நடக்கவில்லை. 2003, 2004 வாக்கில் யூனிகோடில் எழுதியதைத் தெருமுனை பிரவுசிங் சென்டரில் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள் தெரியும். பக்கத்துக் கடைப் பையன் ஒருநாள் ஓடிவந்தான்: “அக்கா, எல்லாம் கட்டம் கட்டமா வருது. வைரஸ் வந்துடுச்சா பாருங்களேன்!” வைரஸ் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் இருந்தது, லதா என்ற எழுத்துருவும் இருந்தது. அவற்றை நாமாகப் போய்த் திறந்துவிட வேண்டும். கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புகளுக்குப் போய், அங்கே ஒரு சிறிய கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அந்தக் கட்டத்தின் அருகில், சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குமான கோப்புகள், தாய்லாந்து மொழி உட்பட, என்று எழுதியிருக்கும். தமிழ் என்ற பெயர் அங்கே இருக்காது. அது அரபிக்கு உள்ளது என்று நினைத்துப் பலர் தொடாமலே விட்டார்கள். டிக் அடித்தால் எக்ஸ்பியின் சி.டி.யைக் கேட்கும். பிரவுசிங் சென்டர்களில் சி.டி. ஏது? அந்தக் கோப்புகளை நான் ஒரு சி.டி.யில் எழுதிக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். கேட்ட கடைக்கெல்லாம் போய்ப் போட்டுக் கொடுத்தேன். கட்டங்கள் மறைந்து தமிழ் வந்ததும், அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பார்ப்பார்கள்.

கட்டம் போனாலும் எழுத்து முழுமையாகச் சேராத கணினிகளும் இருந்தன. யூனிகோடில் ‘கொ’ என்பது ககரம், அடுத்து ஒகரக் குறி என்ற முறையில் பதிவாகிறது. திரையில் அதை ஒற்றைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகப் பிரித்து, கொம்பைக் கொண்டுபோய் முன்னால் வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நிரல் இல்லாவிட்டால் க ஓரிடத்திலும், புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு கொம்பு வேறிடத்திலும் நிற்கும். அந்தப் புள்ளி வட்டத்தை இன்றும் பார்க்கலாம். சில பக்க வடிவமைப்பு மென்பொருள்களிலும், போஸ்டர் செய்யும் மென்பொருள்களிலும், தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால் ‘கொடி’ உடைந்துதான் வரும். ஃப்ளெக்ஸ் பேனர் கடைகள் பல இன்னும் பழைய எழுத்துருக்களை விடாததற்கு இதுவே காரணம். அமைப்பை ஒருமுறை மாற்றினால் போதும் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் மாறிவிடுவார்கள். நான் காட்டிய கடைகள் மாறியிருக்கின்றன.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு தீர்வதில்லை. அன்று திரையில் தமிழ் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தது. உள்ளே தமிழ் இல்லை. பிறகு திரையில் வெறும் கட்டங்கள் தெரிந்தன. உள்ளே தமிழ் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. பூட்டிய பெட்டியில் நகை இருப்பது போல. சாவி கிடைக்கத் தாமதமாகலாம், நகை எங்கும் போய்விடாது. கட்டத்தைப் பார்த்துப் பயந்து, நல்ல கோப்பை அழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி பழைய எழுத்துருவில் அடித்தவர்களை நான் அறிவேன். இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

இன்று செல்பேசியில் தமிழ் தானாக வருகிறது. பிள்ளைகளுக்கு எழுத்துரு என்ற ஒன்றை நிறுவ வேண்டும் என்பதே தெரியாது. இருந்தாலும் கோளாறுகள் ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கின்றன. தமிழ்ப் பெயர்ப் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், தலையில் கோடு போட்ட ஏயும் வட்டத்துக்குள் இருக்கும் ஆரும் மாறி மாறிப் பக்கம் முழுக்க வரும். யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. அந்த மூன்றையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்ததால் வந்த வினை. அந்த நிலையிலேயே சேமித்துவிடாமல், கோப்பை மூடிவிட்டு, தரவு இறக்குமதி வழியாக யு.டி.எஃப்-8 என்று சொல்லித் திறந்தால் பெயர்கள் அப்படியே வந்துவிடும். உண்மையில் பயப்பட வேண்டியது கேள்விக்குறிகளுக்குத்தான். தமிழை ஏற்காத தரவுத்தளத்தில் தமிழைப் போட்டுச் சேமித்தால், எழுத்துக்கு ஒரு கேள்விக்குறியாக மாறிவிடும். அங்கே எழுத்து போயே போய்விட்டது, மீட்க வழியில்லை. ஓர் அலுவலகத்தில் விண்ணப்பதாரர்களின் தமிழ்ப் பெயர்கள் முழுக்க இப்படிக் கேள்விக்குறியாகக் கிடந்ததைக் காட்டி, சரிசெய்து தருமாறு கேட்டார்கள். காகிதத்தில் உள்ள விண்ணப்பங்களை எடுத்து மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

கண்ணுக்கே தெரியாத பிழை இன்னொன்று. ‘கௌரவம்’ என்பதில் இருப்பது ஔகாரக் குறி. பழைய எழுத்துருக்களில் அடித்துப் பழகிய கை, ஒற்றைக் கொம்பு போட்டு, க போட்டு, ளகரத்தை அடிக்கும். ‘கெளரவம்’. அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாக அடித்த கோப்புகளில் ஔவையாரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பழைய நூல்களை யூனிகோடுக்கு மாற்றுகிறவர்கள் இந்த இடத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அவருடைய அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். கரிசல் காட்டு உழவுச் சொற்களை ஊர் ஊராகப் போய்க் கேட்டுத் தொகுத்தவர். மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலைக்கு மட்டுமே பக்கம் பக்கமாகச் சொற்கள்: வடம், வால்கயிறு, கூனை, தும்பி. கமலையும் இன்று இல்லை, ஓட்டியவர்களும் ஏறக்குறைய இல்லை. “அப்பா போனப்புறம் இந்த சி.டி.தான்க்கா மிச்சம். எங்க குடுத்தாலும் இங்கிலீஷ் எழுத்தா வருதுன்னு திருப்பித் தந்துர்றாங்க” என்றார். திறந்தேன். நான் அறிந்த எந்த எழுத்துருவும் இல்லை. கோப்புக்குள் சொடுக்கினால், நிறுவப்படாத எழுத்துருவாக இருந்தாலும் அதன் பெயரைக் கருவிப்பட்டை காட்டும். பெயர் தெரிந்தது, அந்த எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை.

நல்லவேளையாக, அப்பா அச்செடுத்துத் திருத்தம் போட்டிருந்த சில பக்கங்களை அவர் பத்திரமாக வைத்திருந்தார். தாளை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, திரையில் உள்ள குறிகளோடு எழுத்தெழுத்தாகப் பொருத்திப் பார்த்தோம். தமிழில் எங்கு பார்த்தாலும் புள்ளி இருக்கும். அதிகம் திரும்பத் திரும்ப வந்த குறியைப் பிடித்தோம், அதுதான் புள்ளி. பிறகு க, த, ம. பிறகு கால், கொக்கி, கொம்பு. ஒன்றொன்றாகக் கிடைக்கக் கிடைக்க ஓர் அட்டவணையில் எழுதிக்கொண்டே போனோம். ‘ங’வும் ‘ஞ’வும் கடைசி வரை அலைக்கழித்தன. அட்டவணை முடிந்ததும் மாற்றும் வரிசையில் கவனம் வேண்டும். கொம்பும் காலும் சூழ்ந்த ‘கொ’ போன்ற எழுத்துகளை முதலில் மாற்ற வேண்டும். ‘கெ’யை முதலில் மாற்றிவிட்டால் ‘கொ’வின் கால் மட்டும் தனியே தொங்கி நிற்கும். கொம்புகள் எல்லாவற்றையும் மெய்யெழுத்துக்குப் பின்னால் நகர்த்த வேண்டும். இத்தனையும் செய்து முடித்துக் கட்டளையைக் கொடுத்ததும், திரையில் முழு அகராதியும் தமிழாக வந்தது. அந்தப் பெண் ‘வால்கயிறு’ என்று தட்டச்சு செய்து தேடினார். அப்பா எழுதிய விளக்கத்தில் போய் நின்றது. அந்த அகராதி அதை அடித்த நாளிலிருந்து அன்றுதான் முதன்முறையாகத் தேடக்கூடியதாக ஆயிற்று.

இப்படி மீட்க முடியும் என்பதற்குப் பெரிய சான்று மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை அடித்துச் சேர்த்தார்கள். அன்றிருந்த எழுத்துருக்களில் அடித்தவற்றைத் திஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் கொண்டுபோனார்கள். அதனால்தான் அந்த நூல்கள் இன்று எந்தச் செல்பேசியிலும் திறக்கின்றன. அப்படிக் கொண்டுபோக ஆளில்லாத கோப்புகள் எத்தனையோ பதிப்பகங்களில், கோயில் அலுவலகங்களில், ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் அலமாரிகளில் கிடக்கின்றன.

கட்டங்களும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. பழைய நிலக்கணக்குகளில் வரும் முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகளுக்கு 2019இல் யூனிகோடு தனி இடம் கொடுத்தது. தமிழ்ப் பின்னிணைப்பு என்ற அந்தப் பகுதியில் 51 குறிகள் உள்ளன. பெரும்பாலான கணினிகளில் அவை இன்னும் கட்டமாகத்தான் தெரிகின்றன. கூகுளின் நோட்டோ எழுத்துருக்களில் அந்தப் பகுதிக்கென்றே ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிறுவிக்கொண்டால் காணியும் முந்திரியும் வந்துவிடும். ஓலைக் கணக்குகளைப் பதிப்பிக்கிறவர்கள் கட்டத்தைக் கண்டு அந்தக் குறிகளை விட்டுவிட வேண்டாம்.

உங்கள் வீட்டில் 1990களிலோ 2000களிலோ தமிழில் அடித்த கோப்பு எதுவும் இருந்தால், ஃப்ளாப்பியோ சி.டி.யோ பழைய ஹார்டு டிஸ்கோ எதுவாக இருந்தாலும், இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். சி.டி. படிக்கும் கருவி இல்லாத கணினிகள்தான் இப்போது கடைகளில் விற்கின்றன. கோப்பு ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள். அழிக்காமல், புதிதாகச் சேமிக்காமல், முதலில் ஒரு பிரதி எடுங்கள். எழுத்துருவின் பெயரைக் குறித்து வையுங்கள். அந்தக் காலத்து அச்சுப் பிரதி ஒரு பக்கமாவது கிடைத்தால் கூடவே வையுங்கள். பாமினி, திஸ்கி, டாப் என்று தெரிந்த எழுத்துருவாக இருந்தால் மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. தெரியாததாக இருந்தால், உங்கள் ஊரில் டிடிபி வேலை செய்த எங்களைப் போன்ற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எழுத்துகளைப் பார்த்தே எந்த எழுத்துரு என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறோம்.